விற்கப் போகும் வீட்டுக்கு என்ன நிறம்?

கேள்வி: பதினைந்து வருடம் குடியிருந்த ஃப்ளாட்டை விற்கப் போகிறோம். ‘மொத்தமும் பளிச்சுனு வெள்ளை அடிச்சிருங்க சார்’ என்கிறார் புரோக்கர். மனைவி இளம்பச்சை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
(வாசகர், தாம்பரம்)

பதில்: மனைவி பேச்சை; ஆனால் படுக்கையறையில் மட்டும். மற்ற அறைகளுக்கு வெள்ளையிலேயே லேசாக மஞ்சளோ பழுப்போ கலந்த ஷேட் பாருங்கள். சுத்த வெள்ளை, டியூப்லைட் வெளிச்சத்தில் நீலம் பாய்ந்து ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும். அந்த அறைகளில் நிறம் மாறாமல் ஒரே ஷேட் ஓடினால் சின்ன ஃப்ளாட்கூடத் தாராளமாகத் தெரியும்.

பெயின்ட் கம்பெனிகள் பல, ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் கொடுக்கின்றன. விழுகிற வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தைச் சுவர் திருப்பித் தரும் என்பதுதான் அது. ஜன்னலுக்கு எதிரே பக்கத்து அபார்ட்மென்ட் நெருக்கி நிற்கிறதென்றால் 70க்குக் குறையாமல் எடுங்கள். ஃபினிஷ் மேட்டாக இருக்கட்டும். பழைய சுவரில் பட்டி பார்த்த மேடுபள்ளத்தை மினுமினுப்பு காட்டிக் கொடுத்துவிடும்.

ஷேட் கார்டின் விரலகலக் கட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சின்ன டப்பா ஒன்று வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலும் ஜன்னலை ஒட்டிய சுவரிலும் இரண்டடிக்கு இரண்டடி அடித்துக் காயவிடுங்கள். காலையில் ஒரு முறை, இரவில் விளக்குப் போட்டு ஒரு முறை பார்த்துவிட்டுப் பெயின்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அடர் மெரூனில் டெக்ஸ்ச்சர் செய்தோம். நல்ல செலவு. அதையே எடுத்துக் காட்டி விலை பேசலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: செலவழித்தவர் நீங்கள், ஆகவே உங்கள் கண்ணுக்கு அது அலங்காரம். வருகிறவர் மனதில் அதைச் சுரண்ட, மறுபடி பட்டி பார்க்க, பிரைமர் அடிக்க என்று கூலிக் கணக்கு ஓடும். அந்தக் கணக்கு உங்கள் விலையில்தான் கழியும். நீங்களே தேய்த்துச் சமன் செய்து, மற்ற சுவர்களின் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி: பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில் ஓதம். அடர்த்தியான கலர் அடித்தால் வெளியே தெரியாது என்கிறார் பெயின்டர்.
(வாசகி, வேளச்சேரி)

பதில்: ஓதத்தைப் பெயின்டரிடம் காட்டினால் பெயின்ட்தான் சொல்வார். முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

சுவருக்குள் ஊறுகிற தண்ணீர், செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும். உப்பு மட்டும் பெயின்ட் படலத்துக்கு அடியில் படிகமாகி, படலத்தை வெளியே தள்ளும். முதலில் கொப்புளம், பிறகு பொரிந்து உதிர்கிற மாவு. எந்த நிறம் அடித்தாலும் இது நடக்கும். அடர் நிறத்தில் வெள்ளை உப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும் என்பதை அந்தப் பெயின்டர் சொன்னாரா?

சட்டமும் இருக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, விற்கிறவருக்குத் தெரிந்த முக்கியமான குறை, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாததாக இருந்தால், அதை விற்கிறவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. கண்ணில் படாதபடி செய்ததே நீங்கள்தான் என்றால் பதில் சொல்வது கஷ்டம். சட்டத்தை விடுங்கள். அந்த வீட்டை வாங்குகிற குடும்பம் இருபது வருடக் கடனில் வாங்கும். முதல் மாதத் தவணையோடு சுவர் உதிரத் தொடங்கினால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்?

குழாய் இணைப்பு, டைல்ஸ் இடுக்கு, தரையில் தண்ணீர் போகிற வாய், மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு நின்ற பிறகு, பெயின்ட்டையும் பட்டியையும் பூச்சு தெரியும்வரை சுரண்டி, பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். சில வாரம் சுவர் காயட்டும். பிறகு பட்டி, பிரைமர், பெயின்ட். வேலை செய்த ரசீதை வாங்க வருகிறவரிடம் காட்டுங்கள். ‘இங்கே ஓதம் இருந்தது, இப்படிச் சரிசெய்தோம்’ என்று விற்கிறவர் தானே சொல்கிற வீட்டில் பேரம் சீக்கிரம் படியும்.

கேள்வி: வாசல் கதவுக்குக் கறுப்பு அடித்தால் வீட்டு விலை கூடும் என்கிறாள் அமெரிக்காவில் இருக்கும் மகள். நிஜமா?
(வாசகர், மதுரை)

பதில்: அங்கே நிஜம்தான். கறுப்பு, கரிநிறக் கதவு உள்ள வீடுகள் எதிர்பார்த்ததைவிட 6,271 டாலர் கூடுதலாக விற்றன என்று ஜில்லோ என்ற வீட்டுச்சந்தை நிறுவனம் 2018இல் சொன்னது. அது அமெரிக்க வீடுகளை வைத்துப் போட்ட கணக்கு. நம் ஊரில் நிலைவாசலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டுகிறோம். அந்த இடத்தில் கறுப்பைப் பார்த்தால் வீடு பார்க்க வந்த பெரியவர்கள் படியிலேயே தயங்குவார்கள். உங்கள் கதவு தேக்கு என்றால் பழைய எனாமலைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டு, மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி பாலிஷ் கொடுங்கள். பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டுத் துலக்குங்கள். மதுரையில் 6,271 டாலர் கிடைக்குமோ என்னவோ, மரியாதை நிச்சயம் கிடைக்கும்.

கேள்வி: வாஸ்து பார்த்து அறைக்கு ஒரு நிறம் அடித்திருக்கிறோம். மாற்ற வேண்டுமா?
(வாசகி, சேலம்)

பதில்: வாஸ்து பார்க்கிறவர் வாசல் எந்தத் திசை, சமையலறை எந்த மூலை என்றுதான் முதலில் கேட்பார். அதைப் பெயின்ட் மாற்றாது. பார்க்காதவருக்கு அறைக்கு அறை மாறுகிற அழுத்தமான நிறங்கள் உறுத்தும். அதே மஞ்சள், அதே பச்சை இருக்கட்டும். ஷேட் கார்டில் மூன்று கட்டம் மேலே போய் வெளிறிய ஷேடை எடுங்கள். இரண்டு பேருக்கும் சம்மதம்.

கேள்வி: காரைக்குடிப் பக்கம் தாத்தா காலத்து வீடு. தரைக்கு வெள்ளை டைல்ஸ், சுவருக்கு எமல்ஷன் என்று புதுசாக்கிவிட்டு விற்கலாம் என்று பங்காளிகள் சொல்கிறார்கள்.
(வாசகர், தேவகோட்டை)

பதில்: தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் நிறக் கலவையை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் சேர்த்து, தண்ணீரில் ஊறப்போட்டுக் கையாலேயே செய்கிறார்கள், சூளையே கிடையாது. அந்த வீட்டைத் தேடி வருகிறவர் அந்தத் தரைக்காகத்தான் வருகிறார். ஆசிட் ஊற்றாமல் கழுவித் துடைத்தாலே போதும். சிவப்பு ஆக்சைடு தரைக்கும் இதே மரியாதை வேண்டும்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கிப் பூச்சு கழன்று வரும். சுண்ணாம்பே அடியுங்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பளபளப்புச் சுவர் இருந்தால் அதன் மேல் எதுவுமே வேண்டாம், மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்.

கேள்வி: ஹாலில் மாலை போட்டிருக்கும் என் வீட்டுக்காரர் படத்தை, ஆட்கள் வீடு பார்க்க வரும்போது கழற்றச் சொல்கிறான் மகன். மனசு வரவில்லை.
(வாசகி, திருச்சி)

பதில்: கழற்றி உள்ளே வைக்க வேண்டாம், அம்மா. பூஜை அறைக்குக் கொண்டுபோங்கள். இன்னும் நல்ல இடம் அது. வருகிறவர்கள் ஹாலில் தங்கள் சோபாவையும் டிவியையும் மனசுக்குள் போட்டுப் பார்ப்பார்கள். சுவர் காலியாக இருந்தால் அது சுலபம். படம் இருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் கட்டமாகத் தெரியும். ஆணி ஓட்டையைப் பட்டியால் அடைத்து, அந்தச் சுவர் முழுவதும் அடித்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் பெயின்ட் அடிப்பது?
(வாசகர், கடலூர்)

பதில்: ஆடியிலும் மார்கழியிலும் வீடு வாங்குகிற பேச்சை நம் ஆட்கள் எடுப்பது குறைவு, தை பிறந்தால் வருவார்கள். அதற்காக வெளிச்சுவரை மார்கழியில் அடிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த சுவர் அப்போது காய்ந்திருக்காது. பங்குனியிலிருந்து ஆனிக்குள் வெளிவேலையை முடியுங்கள், உச்சி வெயில் நேராக விழாத நேரமாகப் பார்த்து. உள்ளே மட்டும் பொங்கலுக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கையில் பணம் குறைவு. எதை அடிக்கலாம், எதை விடலாம்?
(வாசகி, ஆவடி)

பதில்: தரைப் பரப்பை மூன்று அல்லது மூன்றரையால் பெருக்கினால் சுவரும் சீலிங்கும் சேர்ந்த பரப்பு தோராயமாக வரும். 800 சதுர அடி வீட்டுக்கு 2,400 முதல் 2,800 சதுர அடி. அவ்வளவும் அடிக்க வேண்டாம். ஹால் சீலிங், ஸ்விட்ச் போர்டைச் சுற்றிக் கைக்கறை படிந்த சுவர், சமையலறையில் தாளிப்புப் புகை ஏறிய மேல்பக்கம், வாசல் கிரில், இவை போதும். சமையலறைச் சுவரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு அடியுங்கள்; எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பெயின்ட் நிற்காது. எந்தச் சுவரானாலும் மூலையிலிருந்து மூலைவரை. நடுவில் ஒட்டுப் போட்டால் அந்த ஒட்டுத்தான் முதலில் கண்ணில் படும்.

கேள்வி: மிச்சமாகும் பெயின்ட்டை என்ன செய்வது?
(வாசகர், ஈரோடு)

பதில்: மூடியில் கம்பெனி பெயர், ஷேட் எண், எந்த அறை, எந்தத் தேதி என்று மார்க்கரில் எழுதி, இறுக மூடிப் பரணில் வையுங்கள். சாவி கொடுக்கும்போது அந்த டப்பாவையும் சேர்த்துக் கொடுங்கள்.