உட்கழகப் பந்துருட்டல் விதிகள்: முதலிபாளையத்தை முன்னிட்டு ஒரு விசாரம்

அரசியல் சாசனங்களுக்கும் தண்டனைச் சட்டங்களுக்கும் எழுந்த பாஷ்யங்கள் நூலகங்களின் அலமாரிகளை நிறைத்துக் கிடக்க, லான் பவுல்ஸ் என்று வழங்கும் புல்தரைப் பந்துருட்டலை ஆடுகிற கழகங்கள் தம் அங்கத்தினர்களுக்குள்ளேயே நடத்திக்கொள்ளும் போட்டிகளுக்கென வகுத்துக்கொண்ட விதிகளைப் பண்டிதர்கள் ஏறெடுத்தும் பாராதது, மனித சுபாவத்தை அறிய விரும்புவோருக்கு நேர்ந்த பெருநஷ்டம் என்பது அடியேனுடைய துணிபு. இவ்விதிகளைத் திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தை முன்னிட்டு ஆராயப் புகும்போது எழக்கூடிய முதல் ஆட்சேபம், அவ்வூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது, பின்னலாடைக் கலையைக் கற்பிக்கும் நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது, பந்துருட்டல் கழகம் எங்கே இருக்கிறது என்பதாகும். ஆட்சேபம் நியாயமானதுதான், ஆனால் பலமற்றது. முயற்கொம்பு என்கிற இல்லாத வஸ்துவைப் பற்றி நம் தார்க்கிகர்கள் தலைமுறை தலைமுறையாக வாதம் செய்திருக்க, தொழிற்பேட்டையில் நாளைக்கே தோன்றக்கூடிய ஒரு கழகத்தைப் பற்றி வாதம் செய்வதில் தோஷம் என்ன? மேலும், கழகம் ஏற்பட்ட பிறகு விதி செய்ய உட்கார்ந்தால், உட்காருகிற ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் ஆட்டத்தில் தோற்றவராகவே இருப்பார். கழகத்துக்கு முன்னதாக விதி பிறந்துவிடுவதே நீதிக்கு உகந்தது.

ஆட்டத்தின் லட்சணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பந்து செல்லும் திசையில் 31 முதல் 40 மீட்டர் வரை நீளமுடைய சமதளப் புல்தரையில், ‘ஜாக்’ என்னும் சிறு பந்தை முதலில் உருட்டி நிறுத்திவிட்டு, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள பெரிய பந்துகளை அதன் அருகே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஆட்டம். பெரிய பந்தின் வடிவத்தை வேண்டுமென்றே ஒருபுறம் சற்றுக் கோணலாக்கியிருப்பதால், வேகம் இருக்கும்வரை ஏறக்குறைய நேராகவும் வேகம் தணியத் தணியத் தன் பக்கத்துக்கே சாய்ந்தும் அது செல்லும். கமிட்டி அங்கத்தினர்களின் போக்கும் இவ்வாறே இருப்பதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள். ஒற்றையர் ஆட்டத்தில் ஆளுக்கு நான்கு பந்து. முதலில் 21 புள்ளி எடுத்தவர் ஜயித்தவர். 1930 முதல், 1966 ஒன்று நீங்கலாக, காமன்வெல்த் விளையாட்டுகள் அனைத்திலும் இடம்பெற்று வந்த இவ்வாட்டத்தை நம்மவரில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே, 2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டுகளில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி ஆகிய நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17-10 என்ற கணக்கில் வென்று தங்கம் கொணர்ந்தபோதுதான். அன்று ஒருநாள் தேசமே பந்துருட்டலில் நிபுணத்துவம் அடைந்தது; மறுநாள் கிரிக்கெட்டுக்குத் திரும்பிற்று.

ஆட்டத்தின் விதிகள் வேறு, உட்போட்டியின் விதிகள் வேறு என்னும் பேதத்தை வாசகர் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முன்னதை ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரத்துப் பருத்தி வியாபாரியான மிட்செல் ஒழுங்குபடுத்தினார். அவருடைய கையேடு 1864இல் வெளியாயிற்று. அதைப் படிப்பவன் பந்தை அறிகிறான். பின்னதைப் படிப்பவனோ மனிதனை அறிகிறான்; ஏனெனில் அதில் பந்தைப் பற்றிய பேச்சு அநேகமாக இராது. அந்நியனோடு ஆடும்போது வம்பு வந்தால் ஆட்டத்தோடு முடிந்துபோகும். உட்போட்டியில் தோற்கடித்தவரையே மறுநாள் டீக்கடையில் பார்த்தாக வேண்டும், அவர் கொடுத்த கைமாற்றைத் திருப்பித் தந்தாக வேண்டும், அவர் வீட்டுச் சீருக்குப் போயாக வேண்டும். ஆகவே உட்போட்டி விதிகளுடைய உள்ளார்ந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: தேதி.

கழகங்களில் வழங்கும் சம்பிரதாயத்தைத் தொகுத்துச் சொன்னால் இவ்வாறு வரும்: ஒவ்வொரு சுற்றும் குறித்த தேதிக்குள் ஆடி முடிக்கப்பட வேண்டும், அட்டவணையில் எவர் பெயர் மேலே இருக்கிறதோ அவர், எதிராளிக்குச் சௌகரியமான தேதிகள் சிலவற்றை, அவற்றுள் ஒன்றேனும் வாரக் கடைசியாக இருக்கும்படி, முன்கூட்டியே தர வேண்டும், அவர் தந்த தேதி யாவற்றையும் எதிராளி மறுப்பாராயின் எதிராளி தோற்றவர், தேதியே தராவிடில் தராதவர் தோற்றவர், இருவரும் வாளா இருந்துவிட்டால் இருவருமே தோற்றவர். இதனால் போதரும் உண்மை யாதெனில், பந்தைக் கையால் தொடாமலே அரையிறுதிச் சுற்று வரை ஒருவர் முன்னேறக்கூடும் என்பதே. எதிராளியின் மச்சினன் வீட்டுக் காதுகுத்து என்றைக்கு என்பதை நாசூக்காக விசாரித்து அறிந்துகொண்டு, அதே நாளை மிகுந்த விநயத்துடன் எழுதிக் கொடுக்கத் தெரிந்தவருக்குக் கைத்திறன் எதற்கு? 1588இல் ஸ்பானிஷ் கப்பற்படை கண்ணுக்குத் தென்பட்டும் பிளிமத் நகரில் பந்துருட்டிக்கொண்டிருந்த பிரான்சிஸ் டிரேக், ஆட்டத்தை முடித்துவிட்டே சண்டைக்குப் போவேன் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. சரித்திராசிரியர்கள் அதை நம்பத் தயங்குகிறார்கள். உட்போட்டி விதிகளைப் பயின்ற நான் தயங்க மாட்டேன். அன்று அந்தச் சுற்றின் கடைசித் தேதியாக இருந்திருக்கும்.

இவ்விதியை முதலிபாளையத்தில் பிரயோகிக்க முற்படும்போது விஷயம் கனம் பெறுகிறது. வார நாட்களில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு ராத்திரி எட்டு மணிக்குமேல் வெளியே வரும் டெய்லரிடம் புல்தரை இருக்கிறது வா என்றால், புல்லை இருட்டில் எங்கே தேடுவது என்று கேட்பார். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற தினம். ஞாயிற்றுக்கிழமை காலை கறி எடுக்கவும் மதியம் தூங்கவும் சாயங்காலம் துணிமணி துவைக்கவும் போய்விடும். ஷிப்மென்ட் நெருங்கிவிட்டாலோ, தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பும்வரை ஞாயிறு என்கிற கிழமையே பஞ்சாங்கத்தினின்று நீங்கிவிடும். முகூர்த்த நாட்களைக் கழித்து, நோம்பி நாட்களைக் கழித்து மிஞ்சுகிற காலத்தைச் சல்லடை போட்டுத் தேடியதில், இரு தரப்பாருக்கும் பொதுவான, பட்சபாதமற்ற, முன்கூட்டியே பத்திரிகையில் பிரகடனம் செய்யப்படுகிற தினம் ஒன்று அகப்பட்டது: மின்வாரியத்தார் மாதந்தோறும் பராமரிப்புப் பணிக்காகக் கரண்டை நிறுத்துகிற நாள். ஓவர்லாக் ஓயும், பேட்லாக் ஓயும். காலை ஒன்பது மணி முதல் மாலைவரை மனிதன் சுதந்திரன். ஜெனரேட்டர் வைத்திருக்கும் கம்பெனிக்காரர்கள் இவ்விதியால் நஷ்டமடைவார்களே என்று கேட்கலாம். அவர்கள் ஏற்கெனவே டீசலால் நஷ்டமடைந்தவர்கள், இதையும் தாங்குவார்கள்.

அளத்தல் என்னும் அதிகாரத்தை விரித்தே எழுத வேண்டும். இத்துறையில் முதலிபாளையத்தாரை மிஞ்சக்கூடிய கழகம் பூமண்டலத்தில் இராது என்று நம்புகிறேன். இருவருடைய பந்துகளில் ஜாக்குக்கு அருகே இருப்பது எது என்று கண்ணால் தீர்மானிக்க முடியாதபோது, கடைசிப் பந்தும் உருண்டு நின்ற பிறகு, அளந்து பார்ப்பது மரபு. பிற தேசங்களில் இதற்கெனத் தனிக் கருவியைப் பையிலிருந்து எடுக்க வேண்டும்; இங்கேயோ கட்டிங் மாஸ்டரின் கழுத்தில் இஞ்ச் டேப் சதா தொங்கிக்கொண்டிருக்கிறது. ஜாக்கைத் தொட்ட பந்துக்குச் சாக்கட்டியால் அடையாளமிட வேண்டும் என்றொரு விதி உண்டு. அந்தச் சாக்கட்டியும் அவர் சட்டைப்பையில் தயார். சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. பின்னல் துணியை அளந்து பழகிய கைக்கு, சற்றே இழுத்தால் கால் இஞ்ச் கூடும், சற்றே தளர்த்தினால் குறையும் என்கிற ஞானம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. தோற்கும் நிலையில் இருப்பவர், “ஏனுங் மாஸ்டர், கால் இஞ்சுதானுங்களே, டாலரன்ஸ்ல வந்துருமுங்க” என்று மெல்லச் சொல்லுவார். அதற்கு மாஸ்டர், “எனக்கென்னுங் தம்பி, பையர் ஒத்துக்கோணுமல்லங்” என்று எதிராளியைக் காட்டுவார். பையர் ஒத்துக்கொள்ளமாட்டார். எனவே புல்தரையில் டாலரன்ஸ் கிடையாது என்பதைக் கொட்டை எழுத்தில், வாசலிலேயே, எழுதி வைப்பது உத்தமம்.

உடை விதியில் அதிகம் நிற்க வேண்டுவதில்லை. குதிகால் இல்லாத தட்டையான பாதரக்ஷை என்று சாஸ்திரம் விதிப்பதை ஹவாய்ச் செருப்பு தானாகவே அனுஷ்டிக்கிறது. காலர் வைத்த டீ-சர்ட்டுக்குத் திருப்பூரில் பஞ்சம் என்று எவரேனும் சொன்னால் அவரை அங்கத்தினர் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

தொழிலாளர்கள் பந்துருட்டுவது தகுமா என்னும் கேள்விக்குச் சரித்திரத்தில் ஒரு ரசமான விடை இருக்கிறது. 1541இல் எட்டாம் ஹென்றி காலத்து ஆங்கிலச் சட்டம் ஒன்று, கைவினைஞர், கூலியாட்கள், பயிற்சியாட்கள், வேலைக்காரர் முதலியோர் பந்துருட்டலாகாது என்றும், கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டும், அதுவும் தத்தம் எஜமானர் வீட்டிலோ எஜமானர் முன்னிலையிலோ, ஆடலாம் என்றும் விதித்தது. 1845 வரை இது ரத்தாகவில்லை. வருஷத்தில் ஒருமுறை, எஜமானர் முன்னிலையில் களிப்பு என்பதை வாசித்தபோது எனக்கு எங்கோ அறிந்த வாடை வீசிற்று. அது ஆயுத பூஜையின் வாடை. மிஷினுக்குச் சந்தனம் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து, முதலாளியே கைகட்டி நின்று சிரிக்கும் அந்த ஒருநாளை ஹென்றி மன்னர் கண்டிருந்தால் தம் சட்டம் கடல் கடந்தும் உயிரோடு இருப்பதாக மகிழ்ந்திருப்பார். ஆகையால் இறுதியாட்டத்தை ஆயுத பூஜையன்று வைப்பதற்குச் சரித்திர ஆதாரம் இருக்கிறது என்க.

ஒற்றையர் ஆட்டத்துக்கு ‘மார்க்கர்’ என்று ஒரு சாட்சி தேவை. அவர் கேட்டால் மட்டுமே பேச வேண்டும். கேட்டதற்கு மட்டுமே விடை சொல்ல வேண்டும். தாமாக ஒரு புருவத்தைக்கூட உயர்த்தலாகாது. கொங்கு நாட்டில் இப்படியொருவரைத் தேடுவது வீண் என்று அவசரப்பட்டுச் சொல்லுவோர் செக்கிங் பகுதிக்குள் சென்றதில்லை. டேமேஜ் இருக்கிற இடத்தில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, யார் தைத்தது, ஏன் தைத்தது என்று ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த பீஸை எடுக்கும் பெண்கள் அங்கே வரிசையாக நிற்கிறார்கள். மார்க்கருக்கு ஆட்டம் முடிந்ததும் டீ வாங்கித் தரும் பொறுப்பு ஜயித்தவரைச் சேர்ந்தது என்பது என் தீர்ப்பு. தோற்றவர் அதற்குள் பஸ் ஏறியிருப்பார்.

மாற்றாள் விஷயத்தில் நம் பிள்ளைகளின் கோலிக்குண்டு நீதி, கழக நீதியைவிடத் தெளிவானது. குழு ஆட்டத்தில் ஒருவர் வர இயலாதபோது இன்னொருவரைச் சேர்க்கலாம், ஆனால் அவர் அதே போட்டியில் வேறு குழுவில் ஆடியிருக்கக் கூடாது என்று கழகங்கள் பக்கம் பக்கமாக எழுதிவைக்கின்றன. நம் தெருவிலோ ஒப்புக்குச் சப்பாணி என்கிற ஸ்தானம் ஆதியிலிருந்தே இருக்கிறது: அவன் ஆடலாம், அவுட் ஆனாலும் கணக்கில்லை, ஜயித்தாலும் கணக்கில்லை, அழக் கூடாது என்பதே அவனுக்கு விதிக்கப்பட்ட ஏக தர்மம்.

கடைசியாக, ‘ஹாண்டிகேப்’ என்னும் சமன்செய் விதி. வல்லவருக்கும் அல்லாதவருக்கும் போட்டி நேரிடும்போது, அல்லாதவருக்குத் தொடக்கத்திலேயே சில புள்ளிகளைத் தானமாகக் கொடுத்துவிடுவது வழக்கம். முதலாளியும் அவருடைய டெய்லரும் எதிரெதிரே வந்தால் எவருக்குத் தானம்? முதலாளிக்குக் கொடுத்தால் அவமானம். டெய்லருக்குக் கொடுத்தால் முதலாளி தோற்பார். இருவரையும் சமம் என்று சொல்லலாமென்றால், அதைக் கமிட்டியில் எழுந்து நின்று சொல்ல ஆள் கிடைக்க வேண்டும். நெடுநேரம் யோசித்ததில், தீபாவளிப் போனஸ் பேச்சுவார்த்தை முடிகிறவரை இப்படிப்பட்ட ஆட்டத்தை நடத்தலாகாது என்று ஓர் உபவிதி செய்வதே விவேகம் என்று தோன்றியது. ஆனால் போனஸ் கைக்கு வந்த மறுகணம் டெய்லர் மதுரைக்கோ தேனிக்கோ பஸ் ஏறிவிடுவார். தீபாவளி கழிந்து அவர் திரும்பி வருவதற்குள் சுற்றின் கடைசித் தேதி கடந்துபோயிருக்கும். தேதி விதிப்படி இருவருமே தோற்றவர்கள் ஆவர். சாம்பியன் பட்டம் அவ்வருஷத்துக்குக் காலியென்று அறிவிக்கப்படும். கோப்பையை மட்டும், பாதுகாப்பை உத்தேசித்து, முதலாளியின் அறையிலுள்ள கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் என்பதில் கமிட்டிக்குள் கருத்து வேற்றுமை எழ இடமில்லை.