ஸ்நானத்துக்கு இரண்டு இலாகாக்கள்

கிராய்டன்,
ஜனவரி மாதம்.

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

வானம் ஓயாமல் ஒழுகிக்கொண்டிருக்கும் இந்தத் தேசத்தில் ஒரு குடும்பம் ஸ்நானம் செய்யத் தண்ணீரின்றித் தவித்தது என்றால் தாங்கள் நம்பமாட்டீர்கள். ஆயினும் எங்கள் வீட்டு மின்சார ஷவர் சென்ற வாரம் அந்த அதிசயத்தைச் சாதித்துக் காட்டிவிட்டது.

நம் ஊர் கீசரைப் போல வெந்நீரைச் சேமித்து வைக்கும் வழக்கம் இந்த யந்திரத்துக்கு இல்லை. தெருக்குழாயிலிருந்து நேரே வரும் பச்சைத் தண்ணீரை, 9.5 கிலோவாட் சக்தியைச் செலவிட்டு, நம் தலையை வந்தடைவதற்குள் சுடவைத்து அனுப்பிவிடும். ஏறக்குறைய 40 ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறபடியால், ஈரக்கையோடு எவரும் தொட்டுவிடக் கூடாதென்று சுவிட்சைக் கூரையில் பொருத்தி, அதிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கோயில் மணியை அடிப்பது போல அதை இழுத்த பிறகே நீராட்டம் ஆரம்பமாகும்.

அன்று கயிற்றை இழுத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது, பொத்தானை அழுத்தியதும் உள்ளே ‘டக்’கென்று ஓசையும் கேட்டது, தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாக விழுந்து, அதுவும் சில்லென்றிருந்தது. போதிய நீர் வராவிட்டால் சூடாக்க மறுத்துவிடுவது இந்த யந்திரத்தின் தர்மமாம்.

மின்சாரக்காரரை வரவழைத்தேன். அவர் சோதித்துவிட்டு, மின்சாரம் பழுதில்லை, தண்ணீர் தமது இலாகா அல்ல என்று சொல்லித் தட்சிணையைப் பெற்றுக்கொண்டார். குழாய்க்காரரோ, மின்சாரம் பாயும் பெட்டியின் மூடியைத் தாம் தொடுவதற்கில்லை என்று கூறி, தொடாததற்கும் ஒரு பில்லைக் கொடுத்தார்.

இறுதியில் எங்களைக் காப்பாற்றியவர், எந்த இலாகாவையும் சேராத பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் முதலில் சமையலறைக்குப் போய்க் குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்தார். அது தெருக்குழாயோடு நேர் சம்பந்தமுடையதாதலால், அதில் தண்ணீர் வேகமாக வந்ததும் தெருவின்மீது குற்றமில்லையென்று தீர்ப்பாயிற்று. ‘டக்’கென்ற ஓசை கேட்டதால் உள்ளிருக்கும் மின்வால்வு வேலை செய்கிறதென்றார். ஷவர்த் தலையைக் கழற்றியும் நீர் பெருகாததால், லண்டன் நீர் அதில் படியவைக்கும் சுண்ணாம்பும் காரணமன்று என்றார். குழாயிலிருந்த அடைப்பு வால்வின் பிளவு குழாயின் போக்கிலேயே நின்றது. ஆகவே அதுவும் திறந்தே இருந்தது. பின்பு மெயினில் மின்சாரத்தையும் வால்வில் தண்ணீரையும் நிறுத்திவிட்டு, மூடியைத் திறந்து, நீர் நுழையும் வாயிலிருந்து விரல் நுனியளவு வலைச் சல்லடை ஒன்றை வெளியே எடுத்தார். தெருவில் குழாயைப் பழுதுபார்த்தபோது கிளம்பிய துருவும் மணலும் அதில் அடர்ந்து அப்பியிருந்தன. அதைக் கழுவி மாட்டியதும் வெந்நீர் கொட்டிற்று. அந்த மகானுபாவர் ஒரு கோப்பைத் தேநீரோடு திருப்தியடைந்துவிட்டார்.

தாங்களும் சித்தியும் இங்கு வருவதற்கு உகந்த மாதம் எதுவென்று கேட்டிருந்தீர்கள். குளிர்காலத்தில் நீர் 5 டிகிரியில் வந்து சேர்வதால், இந்த யந்திரம் நிமிஷத்துக்குச் சுமார் 4 லிட்டருக்கு மேல் இதமாகச் சுடவைத்துத் தராது. கோடையிலோ 6 லிட்டர் வரை தாராளமாக வழங்கும். நாள்தோறும் இருமுறை நீராடும் தங்களுக்கு ஜூலைக்கு டிக்கெட் வாங்குவதே உத்தமம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ரகு