வாழ்க, போன வருடத்து அணி!

அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கிறவர்கள் அடுத்த சீசனைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று ஊரில் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. வராத வருடத்தைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? முடிந்துபோன வருடம் அப்படியில்லை. அதற்கு ஸ்கோர்கார்டு இருக்கிறது, வீடியோ இருக்கிறது, அலமாரியில் ஐந்து கோப்பைகளே இருக்கின்றன: 2010, 2011, 2018, 2021, 2023. இத்தனை ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எவனோ ஒரு பையன் நாளைக்கு அடிப்பான் என்று பணத்தை இறைப்பதற்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகத்தினர் என்ன விவரம் தெரியாதவர்களா? சிங்கப்பூரின் பூன் லேயில் குடியிருந்துகொண்டு இந்த அணிக்காகத் தூக்கம் கெட்டவன் என்ற உரிமையில், அவர்களுடைய ஏலத் திறமையைக் கொஞ்சம் புகழ்ந்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன்.

2025 ஐபிஎல் சீசனுக்கு ஒவ்வோர் அணிக்கும் ஏலப் பணப்பை 120 கோடி ரூபாய். அதில் 65 கோடியை ஏலத்துக்கு முன்பே ஐந்து பேருக்கு எழுதி வைத்தாயிற்று. ருதுராஜ் கெய்க்வாட் 18, ஜடேஜா 18, பதிரனா 13, சிவம் துபே 12, தோனி 4. கடைசி எண்ணைக் கவனியுங்கள். சர்வதேச ஆட்டத்தின் ஆடும் பதினொருவரில் ஐந்து ஆண்டுகளாக இடம்பெறாத இந்திய வீரர், இந்தியாவுக்கே ஆடாத பையன்களோடு ஒரே பட்டியலில் சேர்க்கப்படலாம் என்ற பழைய விதி, மிகச் சரியாக அந்த வருடம் உயிர்பெற்று எழுந்தது. 2007 டி20 உலகக் கோப்பை, 2011 உலகக் கோப்பை, 2013 சாம்பியன்ஸ் டிராபி மூன்றையும் கேப்டனாகத் தூக்கியவர், நாற்பத்து மூன்று வயதில், சர்வதேச அனுபவமற்றவராக அணியில் தொடர்ந்தார். தன்னடக்கத்துக்கு இதைவிட ஓர் உதாரணம் தமிழ் இலக்கியத்தில்கூட அகப்படாது.

வயதைப் பற்றி முணுமுணுப்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கட்டும். ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்கிறவர்களின் உச்ச வயது வரம்பை மனிதவள அமைச்சு 2025 ஜூலை 1 முதல் 60லிருந்து 63 ஆக்கியது. இத்தனை ஆண்டுகள்தான் வேலை பார்க்கலாம் என்ற கணக்கையும் அதோடு எடுத்துவிட்டது. சேப்பாக்கம் மைதானத்தைப் பார்த்துத்தான் இந்த ஞானம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்குப்படி தல தோனி 63 வயதுவரை தாராளமாக ஆடலாம். ஏலக்குழு அவசரப்பட வேண்டியதே இல்லை.

2024 நவம்பரில் ஜெட்டாவில் மெகா ஏலம். பையில் மீதி 55 கோடி. மற்ற அணிகள் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது நம்மவர்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டம் நடத்தினார்கள். 2008லிருந்து 2015 வரை மஞ்சள் அணிந்த அஸ்வின் 9.75 கோடிக்கு வீடு திரும்பினார். கான்வே 6.25, ரச்சின் ரவீந்திரா 4, சாம் கரன் 2.4, விஜய் சங்கர் 1.2. எல்லாரும் ஏற்கெனவே இந்த வீட்டில் சாப்பிட்டவர்கள். ருசி தெரியும், புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அஸ்வின் 9 ஆட்டங்களில் 7 விக்கெட் எடுத்துக்கொடுத்தார். ஒரு விக்கெட் ஏறத்தாழ 1.4 கோடி. மலிவான விக்கெட்டுகளை எடுக்கும் பழக்கம் நம் அணிக்கு என்றுமே கிடையாது. (10 கோடிக்கு வாங்கிய நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார். அவரால் இந்தக் கட்டுரைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, விட்டுவிடுவோம்.)

புதுமுகமே எடுக்கவில்லை என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்று ராகுல் திரிபாதியை 3.4 கோடிக்கு எடுத்தார்கள். ஐந்து ஆட்டம், மொத்தம் 55 ரன். அதே ஏலத்தில் 3 கோடிக்கு ஒருவர் போனார்: டிம் டேவிட். 1996இல் சிங்கப்பூரில் பிறந்தவர், சிங்கப்பூர் அணிக்காகவே சர்வதேச டி20 ஆடத் தொடங்கியவர். அவருடைய அப்பா ராட் டேவிட்டும் 1997 ஐசிசி டிராபியில் சிங்கப்பூருக்காக ஆடியவர். பெங்களூரு அவரை எடுத்துக்கொண்டது. 2025 மார்ச் 28, சேப்பாக்கம். பெங்களூரு இன்னிங்ஸின் கடைசி ஓவர். சாம் கரன் வீசுகிறார், டிம் டேவிட் மூன்று சிக்ஸர் அடிக்கிறார். எங்கள் புளோக்கில் அந்த நேரத்துக்கு யாருக்காகக் கை தட்டுவது என்றே ஒருவருக்கும் தெரியவில்லை. நாற்பது லட்சத்தைக் கூடுதலாகக் கொடுத்து அந்தக் குழப்பத்தைப் பூன் லே தமிழனுக்கு உண்டாக்கிய பெருந்தன்மையை நாங்கள் மறக்கமாட்டோம். 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் முதல்முறையாகப் பெங்களூரு வென்றது, 50 ரன் வித்தியாசத்தில். அன்று அஸ்வினுக்கும் பின்னால் ஒன்பதாவதாக இறங்கிய தோனி 16 பந்தில் 30 அடித்தார். தோல்வி உறுதியான பிறகுதான் பெரியவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்ற பண்பு எத்தனை அணிகளுக்கு இருக்கிறது?

அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் சம்பளப் பட்டியல் போடுவதை ஒரு சாஸ்திரமாகவே வைத்திருக்கின்றன. 2002இல் ஓக்லண்ட் அணி சுமார் 4 கோடி டாலர் சம்பளத்தில் 103 ஆட்டம் வென்றது. அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கொட்டிய நியூயார்க் யாங்கீஸும் அதே 103தான். ஓக்லண்ட்காரர்கள் பெயரைப் பார்க்காமல் புள்ளிவிவரத்தைப் பார்த்தார்களாம். எவ்வளவு வறட்சியான மனிதர்கள்! நம் மனநிலைக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறவர்கள் நியூயார்க் மெட்ஸ். பாபி போனியா என்ற வீரரை 2000இல் அனுப்பிவிட்டு, 2011 தொடங்கி 2035 வரை ஆண்டுதோறும் ஜூலை 1ஆம் தேதி அவருக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் பாருங்கள், முன்னொரு காலத்தில் ஆடியவருக்குச் சம்பளம் கொடுக்க அவர்களுக்கு ஒப்பந்தமும் வட்டிக் கணக்கும் தேவைப்பட்டன. நம் நிர்வாகம் அன்பினாலேயே அதைச் செய்தது. அதே குடும்பத்து டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் ஆடுகிற கிராண்ட் பிரேரி மைதானம் முன்பு பேஸ்பால் மைதானமாக இருந்ததுதான். மண்ணில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று பயந்தேன், வரவில்லை.

இனி சீசனின் பலன். இந்தியாவில் ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு இரவு பத்து மணிக்கு. வழக்கமாக முடிய ஒன்றரை, இரண்டு ஆகிவிடும். துவாஸ் கப்பல் பட்டறைக்குப் போகிறவர்களுக்கு விடியுமுன்னே லாரி வந்து நிற்கும். இந்தக் கஷ்டத்தை உணர்ந்துதான் ஏப்ரல் 11ஆம் தேதி கொல்கத்தாவுக்கு எதிராக நம் அணி 20 ஓவரில் 103 எடுத்து நிறுத்திக்கொண்டது. எதிராளி 10.1 ஓவரில் முடித்துவிட்டார். ஒரு மணிக்கெல்லாம் பூன் லேயில் விளக்கு அணைந்துவிட்டது. தொழிலாளர் நலனில் இவ்வளவு அக்கறை கொண்ட ஒரு விளையாட்டு நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை. அதற்கு ஆறு நாள் முன்னால் டெல்லியோடு 184 துரத்தியபோது 158 எடுத்து, ஐந்து விக்கெட்டை அப்படியே மிச்சம் பிடித்துக் கொண்டுவந்தார்கள். சிக்கனம் என்றால் இது.

அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்து இவையெல்லாம் நெய் பூசிப் பீலி சூட்டிப் பளபளவென்று இருக்கின்றன என்று மெச்சினாராம். எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாராம். சேப்பாக்கமும் தொண்டை நாட்டில்தான் இருக்கிறது. பரம்பரையை விட்டுக்கொடுக்க முடியுமா?

14 ஆட்டத்தில் 4 வெற்றி. பத்து அணிகளில் பத்தாவது இடம். இந்த அணியின் வரலாற்றில் கடைசி இடம் இதுவே முதல்முறை. இதுவரை போகாத இடத்துக்கும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆராய்ச்சி மனப்பான்மையை எந்த ரசிகனும் குறைத்து மதிப்பிடக் கூடாது. நடுவில் ஒரு சின்ன அசம்பாவிதம். ருதுராஜுக்கு முழங்கையில் எலும்பு முறிய, அவர் இடத்துக்குப் பதினேழு வயது ஆயுஷ் மாத்ரேவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் பெங்களூருவோடு 94 அடித்துவிட்டார். ஏலத்தில் விலைபோகாத டெவால்ட் பிரெவிஸும் இன்னொருவர் காயத்தால் உள்ளே வந்து விளாச ஆரம்பித்தார். ஏலத்தில் கை தூக்கி வாங்கப்பட்டவர்கள் தடவிக்கொண்டிருக்க, வாங்கப்படாதவர்கள் அடித்தார்கள். திட்டமிட்ட கலைக்கு நேர்ந்த இந்த அவமானத்தையும் நிர்வாகம் முகம் கோணாமல் சகித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்தது ஞானோதயம். இளமைதான் வேண்டும் என்று முடிவாயிற்று. 2025 நவம்பரில் ஜடேஜாவையும் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை 18 கோடிக்கு வாங்கினார்கள். ஜடேஜாவுக்கு இங்கே கொடுத்ததும் 18தான். அங்கே போனதும் அவர் 14 ஆகிவிட்டார். நாலு கோடி அவருக்கு இங்கே அதிகமாக இருந்தது என்று இப்போதுதானே தெரிகிறது, தெரியவைத்தவர்கள் வாழ்க. டிசம்பர் 16, அபுதாபி ஏலம். கையில் 43.4 கோடி. அதில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்று அதுவரை இந்தியாவுக்கு ஆடாத இரண்டு இளைஞர்களுக்குத் தலைக்கு 14.20 கோடி. அடிப்படை விலை ஆளுக்கு 30 லட்சம். சில மாதம் முன்பு 30 லட்சத்துக்கு மாத்ரேவை எடுத்த அதே கைதான் இது. பையன்கள் நன்றாக ஆடட்டும், அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. போன ஏலத்தில் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, திறந்த அன்றே மூன்றில் இரண்டு பங்குப் பணத்தை வாசலில் வைத்துக் கும்பிட்ட பக்தியைத்தான் வியக்கிறேன்.

பூன் லே பிளேஸ் காப்பிக்கடையில் எனக்கு ஒரு புதுக்கோட்டைத் தம்பி பழக்கம். துவாஸில் வெல்டர். நாசி லெமாக் வரிசையில் நின்றுகொண்டே கைபேசியில் ஏலப் பட்டியலை ஓட்டிப் பார்த்துவிட்டு, தே தாரிக்கை உறிஞ்சியபடி என்னிடம் கேட்டார்.

“அண்ணே, நம்ம டீம்ல இப்போ கீப்பர் எத்தனை பேரு?”

“தல, சஞ்சு, உர்வில் பட்டேல், இப்போ வந்திருக்கிற கார்த்திக். நாலு பேர்.”

“பதிரனாவ விட்டுட்டாங்கல்ல? கொல்கத்தா 18 கோடிக்குல்ல எடுத்திருக்கான்.”

“நாம 13 கோடிக்கு வெச்சிருந்தோம். அஞ்சு கோடி ஏத்திவிட்டு அனுப்பியிருக்கோம் தம்பி, சும்மாவா?”

“அது சரிண்ணே. கடைசி ரெண்டு ஓவர யாரு போடுவா?”

“நாலு பேரு ஸ்டம்புக்குப் பின்னாடி நிக்கிறாங்கல்ல. பந்து எங்கே போயிடும்?”

அவர் சிரிக்கவில்லை. ஓவர்டைம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் முதல் ஆட்டம் வருமா என்று அட்டவணையைத் தேட ஆரம்பித்தார்.