நாணயம் மிக்க நிர்வாகத்தாருக்கு

பெறுநர்: மொழிபெயர்ப்பு இணைய நாவல் செயலியின் மேன்மைமிகு நிர்வாகம்.
பொருள்: 412-ஆம் அத்தியாயத்தில் கிழவனார் பெண்ணானதும், அதற்கு வாங்கப்பட்ட 12 நாணயமும்.

செயலியில் பூட்டிய அத்தியாயத்தைத் திறக்கும் காசுக்கு நாணயம் என்று பெயர். அது வாசகரிடம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது விதிமுறையில் தெளிவாக இருக்கிறது. நிர்வாகத்திடம் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

அத்தியாயத்தைப் பூட்டிக் காசு வாங்கும் இந்த முறை சீனாவில் வேர்விட்டது. சிதியன் என்ற இணைய நாவல் தளம் 2003-இல் ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்தது. எழுத்துக்குக் காசு என்றானதும் கதைக்குள் தண்ணீர் புகுந்தது. ‘தண்ணீர் கலக்கிறார்’ என்பது சீன வாசகர்களே வைத்த வசை. ஒரு வாள் உறையை விட்டு வெளியே வர மூன்று அத்தியாயம் ஆகும். நம்மூர்ப் பால்காரர் கையெடுத்துக் கும்பிடுவார்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சீனக் கதைகளைக் கொண்டுவந்தவர்கள் ரசிகர்கள். 2014 டிசம்பரில் தொடங்கிய வூசியாவேர்ல்ட் தளத்தில் அப்போது நன்கொடை சேர்ந்தால் கூடுதல் அத்தியாயம் வந்தது. ‘கண்ணிருந்தும் தாய்ஷான் மலையை அறியாதவன்’ என்று வந்தால், பெரிய மனிதர் என்று தெரியாமல் மோதியவனைச் சொல்வது என ஒருவர் மெனக்கெட்டு அடிக்குறிப்பு எழுதுவார்.

இந்தச் செயலியில் அந்த ஒருவர் இப்போது இல்லை, எந்திரம் இருக்கிறது. சீன வாக்கியத்தில் எழுவாய் அடிக்கடி மறைந்துவிடும். செய்தது அவனா அவளா என்பதை முன்பின் படித்துத்தான் பிடிக்க வேண்டும். எந்திரம் அவ்வளவு சிரமப்படுவதில்லை, நாணயத்தைச் சுண்டிவிடுகிறது. 411-இல் வெண்தாடியை நீவியவர் ஆசான். 412-இல் அதே தாடியை நீவியபடி ‘அவள்’ புன்னகைத்தாள். 413-இல் தலை விழுந்திருக்க வேண்டும், மறுபடி ‘அவன்’.

வாசகர் ஒருவர் இதை முறைப்படி புகார் செய்தார். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: “அன்புச் சகோதரி, தங்கள் பாராட்டுக்கு நன்றி.” வாசகருக்கு மீசை உண்டு. பரிசாக 2 நாணயமும் வந்தது. மூன்று நாளில் காலாவதி. நிர்வாகத்தின் நாணயம் அதைவிட நீடித்ததாகப் பழைய வாசகர்கள் யாரும் சொல்வதில்லை.

மனிதர் கையிலிருந்த வேலையைப் பிடுங்கி எந்திரத்திடம் கொடுத்துவிட்டு, விலையை மட்டும் மனிதர் விலையாகவே வைத்திருப்பது பகல் கொள்ளை. நான்கு வருடம் ஒரு கதையோடு கிடந்தவனுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று தெரிந்தே அடிக்கிற கொள்ளை.

‘கொள்ளை’ என்ற சொல் நிர்வாகத்தின் பெருந்தன்மைக்குப் பொருந்தாது; அது இதன்மூலம் திரும்பப் பெறப்படுகிறது. 12 நாணயமும் அவ்வாறே திரும்பக் கிடைத்தால் கணக்கு நேராகும்.

414-இல் ஆசான் இறந்துவிடுவார் போலிருக்கிறது. சிதையில் கிடத்தப்படுவது அவனா அவளா என்று தெரிந்தாக வேண்டியிருப்பதால், வாசகர் மேலும் 100 நாணயம் வாங்கியிருக்கிறார்.

இணைப்பு: ரசீது 1.