மட்டாஞ்சேரி கேப்டன்

அவர் முன்னால் 'பொம்மை ஹெலிகாப்டர்' என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்வாஷ்பிளேட்டில் தொடங்கி, கைரோவில் நுழைந்து, டெயில் ரோட்டர் வழியாக அவர் வெளியே வருவதற்குள் உங்கள் சுலைமானி ஆறிப்போயிருக்கும். டீக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருப்பார்.

தொழில், பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு மண்டியில் கணக்கு எழுதுவது. வயது நாற்பத்தைந்துக்கு அந்தப் பக்கம். பூர்வீகம் அரக்கோணம். கடற்படையின் ஹெலிகாப்டர் பைலட்டுகள் பயிற்சி பெறுவது அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில்தான். ஆகவே பறப்பது தம் ரத்தத்திலேயே ஊறியது என்பது அவர் கட்சி. ராஜாளி தொடங்கியது 1992இல். அவருடைய தாத்தா பெட்டியைக் கட்டிக்கொண்டு கொச்சிக்கு வந்தது அதற்கு அரை நூற்றாண்டு முன்னால். இந்தக் கணக்கை மட்டும் அந்தக் கணக்குப்பிள்ளை போட்டுப் பார்த்ததில்லை.

கேப்டன் என்றால் படை வேண்டுமே. உண்டு. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கச்சி மேமன் இக்கா, சால்டரிங் பிரிவு. குஜராத்தி ரோட்டு இனிப்புக் கடை வாரிசு, வீடியோ பிரிவு. அப்பளம் விற்கும் கொங்கணி நண்பர், ஆலோசனைப் பிரிவு. ஆட்டோ ஓட்டும் சேட்டன், போக்குவரத்து. ஒரு மொழியில் தொடங்கும் வாக்கியம் வேறொரு மொழியில் முடியும். ஹெலிகாப்டர் விழும்போது மட்டும் எல்லோரும் ஒரே மொழியில் 'அய்யோ' என்பார்கள்.

மட்டாஞ்சேரியில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்பதில் ஒரே ஒரு இடைஞ்சல்தான்: அங்கே பறக்கவிட முடியாது. காயலைத் தாண்டினால் வெலிங்டன் தீவு. அங்கே 1953 முதல் ஐ.என்.எஸ். கருடா, கடற்படையின் விமான தளம். ஜம்முவில் ட்ரோன் தாக்குதல் நடந்த அடுத்த மாதம், 2021 ஜூலையில், கடற்படை கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. தன் நிலையங்களின் சுற்றெல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் ட்ரோன் வகையறா எதுவும் பறக்கக்கூடாது. மீறினால் அழிக்கப்படும், இல்லாவிட்டால் பறிமுதல். இதைக் கேட்டுப் படை கலங்கியபோது இக்காதான் தேற்றினார்: "நேவிக்கு எதுக்கு மோனே குண்டு செலவு? நம்ம மிஷின் தானே விழுந்துக்கும்."

ஆகாயம் கடற்படைக்குப் போய்விட்டதால் கேப்டனுக்கு விமர்சகர் பதவி கிடைத்தது. கருடாவிலிருந்து நிஜ ஹெலிகாப்டர் கிளம்பி மண்டிக்கு மேலே வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு வாசலுக்கு வருவார். கையைக் கண்ணுக்கு மேல் குடையாக்கி நிமிர்ந்து பார்ப்பார். "சேத்தக்தான். டெயில் கொஞ்சம் ஆடுது. பையன் புதுசு போல" என்பார். சுமை தூக்குபவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஆமோதிப்பார்கள்.

ஞாயிறு விடியலில் ஆட்டோ தெற்கே செல்லானம் பக்கம் கிளம்பும். ட்ரோன் வரைபடத்தில் பச்சை காட்டுகிற இடமாக, தென்னை குறைந்த திடலாகப் பார்த்து நிறுத்துவார்கள். பெட்டியிலிருந்து வெளியே வருவது 450 வகை ஹெலிகாப்டர். முக்கால் கிலோ சொச்சம் எடை; மண்டித் தராசிலேயே நிறுத்துப் பார்த்தாயிற்று. மேல் பிளேடு நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் சுற்றும். அதன் நுனி வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். கேப்டன் இதைச் சொன்னதும் படை, சொல்லாமலே, தென்னைமரத்துக்குப் பின்னால் ஒற்றை வரிசையில் நின்றுவிடும். 11.1 வோல்ட் பேட்டரிக்கு ஆயுள் ஐந்தாறு நிமிடம். அது முழுதாகத் தீரும் வரை பறந்ததாக வரலாறு இல்லை.

இதில் கேப்டனை மட்டும் குறை சொல்லக்கூடாது. விமானத்தை ஓட்டக் கற்பவர் கையை எடுத்தால் அது கொஞ்சம் மன்னிக்கும். ஹெலிகாப்டர் மன்னிக்காது. அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவது பலாப்பழத்தின் மேல் இன்னொரு பலாப்பழத்தை நிறுத்துகிற மாதிரி. விரல் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். வால் நம் பக்கம் இருக்கும்வரை பரவாயில்லை. மூக்கை நம் பக்கம் திருப்பிவிட்டால், ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ள அது நம் வலப்பக்கம் போகும். மூளை புரிந்துகொள்ளும், கட்டைவிரல் ஒப்புக்கொள்ளாது.

அதனால் கற்றுக்குட்டிகள் ஹெலிகாப்டரின் காலில் குறுக்காக இரண்டு குச்சி கட்டி, நுனிகளில் டேபிள் டென்னிஸ் பந்து செருகுவார்கள். கவிழாமல் இருக்க. கேப்டனின் ஹெலிகாப்டரில் அந்தக் குச்சிகள் இன்றுவரை கழற்றப்படவில்லை. கேட்டால் சரித்திரம் வரும்: "சிகோர்ஸ்கி 1939 செப்டம்பரில் முதல் முதலா வி.எஸ்.-300ஐத் தூக்கினப்போ அதைக் கயிறு போட்டுக் கட்டித்தான் வெச்சிருந்தாரு." உண்மைதான். அதே சிகோர்ஸ்கி 1941 மே மாதம் அதே ஹெலிகாப்டரில் ஒரு மணி 32 நிமிடம் அந்தரத்தில் நின்று உலக சாதனை செய்தார். கேப்டன் படித்த சரித்திரம் 1939 செப்டம்பரோடு முடிகிறது.

வீட்டில் வேறு சரித்திரம். "நடிகர் அஜித்தே குரோம்பேட்டை எம்.ஐ.டி. பசங்களோட 'தக்‌ஷா' ட்ரோன் குழுவுக்கு ஆலோசகரா இருந்தாரு. 2018ல ஆஸ்திரேலியா போட்டியில ரெண்டாம் பரிசு!" என்று கேப்டன் நெஞ்சை நிமிர்த்த, வீட்டம்மா புட்டுக்குழலைத் தட்டியபடி, "அவருக்கு நடுநடுவுல சினிமாவும் இருக்குங்க" என்பார்.

படையில் இன்றும் மரியாதையோடு பேசப்படுவது ரிமோட் கைமாறிய போர். கேப்டனின் ரிமோட் துபாய் மச்சான் கொடுத்தது. 'மோடு ஒன்று' வகை. அதில் ஏற்றி இறக்குவது வலக்கை ஸ்டிக். அப்பள நண்பர் யூடியூபில் பயின்றதோ 'மோடு இரண்டு'. அதில் அது இடக்கை. காற்று தூக்கியடித்த ஒரு ஞாயிறு, கேப்டன் "பிடி, பிடி!" என்று ரிமோட்டை அவர் கையில் திணித்தார். இறக்குவதாக நினைத்து நண்பர் இடது ஸ்டிக்கைக் கீழே இழுத்தார். கேப்டனின் ரிமோட்டில் அதற்குப் பொருள், பின்னால் வா. வாலைக் காட்டி நின்ற ஹெலிகாப்டர் சொன்ன சொல் தட்டாமல் படையை நோக்கியே பின்வாங்கி வந்தது. நால்வர் மண்ணில் படுத்தார்கள். வீடியோ பிரிவு கேமராவைப் போட்டுவிட்டு ஓடியதால், அதில் பதிவானது எறும்புப் புற்று ஒன்று, பின்னணியில் ஐந்து பேரின் 'அய்யோ'.

இந்தக் கூட்டத்தின் தர்மம் ஊருக்கு நேர் எதிர். சைக்கிள் கற்பவன் விழ விழ மதிப்புக் குறையும், இங்கே கூடும். பிளேடு மட்டும் உடைந்தால் அதற்குப் பெயர் 'டிபன்'. பிளேடு, மெயின் ஷாஃப்ட், ஃபெதரிங் ஷாஃப்ட், மெயின் கியர், டெயில் பூம் ஐந்தும் சேர்ந்து போனால் 'ஃபுல் மீல்ஸ்'. அதிக மீல்ஸ் சாப்பிட்டவர் யாரோ அவரே கேப்டன். உடைந்ததை எடுத்துப் பார்த்தவருக்குத்தானே உள்ளே இருப்பது தெரியும்! ஜூனில் மழை இறங்கினால் நான்கு மாதம் பறத்தல் இல்லை. இக்காவின் கடையில் சால்டரிங் புகையும் சொற்பொழிவும்தான். கேப்டனின் செல்வாக்கு உச்சத்துக்குப் போவது அந்த மழையில்தான்.

போன மழையில் ஆட்டோ சேட்டனின் மகன், பிளஸ் டூ படிப்பவன், அந்த ரிமோட்டை இரவல் வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி சிமுலேட்டர் பழகினான். "அதுல விழுந்தா ஒரு பட்டனைத் தட்டினா மறுபடி எழுந்து நிக்குது. அதுல என்ன பாடம் இருக்கு?" என்று கேப்டன் சிரித்தார்.

மழை விட்ட முதல் ஞாயிறு, பையன் கேட்டான், கொடுத்தார்கள். ஹெலிகாப்டர் எழுந்தது. நின்றது. மெல்லத் திரும்பி மூக்கைப் படையின் பக்கம் காட்டியும் அசையாமல் நின்றது. பேட்டரி தீரப்போகும் மணி அடித்ததும் புல் நோகாமல் இறங்கியது. படைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பசை டப்பாவைத் திறந்து வைத்திருந்த இக்கா அதை மூடினார். எல்லோரும் கேப்டனின் முகத்தைப் பார்த்தார்கள்.

கேப்டன் ஹெலிகாப்டரைக் கையில் எடுத்து, திருகு திருகாகப் பார்த்து, ரிமோட்டைப் பையனிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"பையன் நல்லாத்தான் ஓட்டுறான். ஆனா இன்னும் ஒண்ணுகூட உடைக்கலையே! இவனை நம்பி எப்படிய்யா மிஷினைக் கொடுக்கிறது?"

படை தலையாட்டியது.