மூத்தாப்பா டபிள்யூவில் இருக்கிறார்

“கேஸ் நம்பரைச் சொல்லுங்க, எடுத்துத் தாறன்” என்றார் அந்த எழுதுவினைஞர். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் கூடுதலாக எரிந்தது. மூத்தாப்பாவின் டெஸ்டமென்ட்ரி வழக்கு நம்பர் தெரிந்த ஒருத்தன், கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்கிற மாதத்தில், சாரனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நாவிதன்வெளியிலிருந்து இக்கரைக்கு வருவானா? நம்பர் கோப்பின் மட்டையில் இருக்கிறது. கோப்பு ரெக்கோட் ரூமில் இருக்கிறது. ரெக்கோட் ரூமுக்குள் ஆள் போக நம்பர் வேண்டும். எந்த நீதிமன்றம் என்று கேட்காதீர்கள். வருகிற கிழமையும் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.

பழைய டெஸ்டமென்ட்ரி, அதாவது மரணசாதன, வழக்கொன்றின் கோப்பைத் தேடிப் பிடித்துச் சான்றுபடுத்திய பிரதி எடுப்பது எப்படி என்று விளக்கி எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். விளக்குகிறேன். அதற்கு முன் கொஞ்சம் புலம்பிவிடுகிறேன்.

நாம் காணி பிரிப்பது வாயால்தானே. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி, சோறு தின்று, கை கழுவுகிற இடத்தில் ‘தோட்டம் பெரியவனுக்கு, கடற்கரை வளவு சின்னவனுக்கு’ என்று முடிந்துவிடும். வீடு எப்போதோ மகளோடு சீதனமாகப் போயிருக்கும். உயில் எழுதாமல் மௌத்தாகும் முஸ்லிமின் சொத்துக்கு 1931ஆம் ஆண்டிலிருந்தே தனிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அவரவர் மத்ஹபின்படி பங்கு, மகனுக்கு இரண்டென்றால் மகளுக்கு ஒன்று. வீடே மகளுக்குப் போய்விட்ட ஊரில் அந்தக் கணக்கை யார் உட்கார்ந்து போடுவது? வயல் என்றால் அது வேறு கதை. கல்லோயாத் திட்டத்துப் பெர்மிட் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வருவது. அதற்குப் பின்னுரித்தாளி யார் என்பது பிரதேச செயலகத்தில் கிடக்கும். பின்னுரித்தாளி எழுதாமல் போனால் பெண்ணுக்கு முன் ஆணுக்கே என்றிருந்த அட்டவணையை 2022இல்தான் திருத்தினார்கள். பெர்மிட் வயலை நீதிமன்றக் கோப்பில் தேடுவது ஆட்டுப் பட்டியில் எருமையைத் தேடுவது போலத்தான்.

ஆனால் எங்கள் கடற்கரை வளவு உறுதிக் காணி. அதை விற்க வேண்டும் என்று கத்தாரிலிருக்கும் மச்சானுக்குத் திடீரென்று தோன்றியது. வாங்க வந்தவரின் சட்டத்தரணி உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது டெஸ்டமென்ட்ரி நடந்த காணி. அந்தக் கேஸ் பைலின்ட கொப்பி வேணும்” என்றார். கை கழுவிய இடத்துத் தீர்ப்பு அவருக்குப் போதவில்லை. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அவர் பக்கம் நிற்கிறது. நான் வாய் பொத்திக்கொண்டேன்.

நம்பர் இல்லாவிட்டால் பெயரை வைத்துத் தேடலாம். சுட்டிப் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது. இங்கேதான் எங்கள் குடும்பம் அரசாங்கத்துக்குச் செய்த துரோகம் வெளியே வந்தது.

மூத்தாப்பாவின் பெயர் உதுமாலெப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரை எழுதினால் வளவு விற்பதற்குள் குடும்பத்தில் இன்னொரு வழக்கு நடக்கும். அவருடைய வாப்பா மீராலெப்பை. ஆகவே எழுதும்போது மீராலெப்பை உதுமாலெப்பை. பிறப்புப் பதிவில் உதுமான் லெப்பை. கலியாணப் பதிவில் உதுமாலெவ்வை, ஏனென்றால் பதிவுகாரர் லெவ்வைக் குடும்பம். நொத்தாரிசு ஒருவர் இன்னும் ஒரு தலைமுறை பின்னுக்குப் போய், மூத்தாப்பாவின் மூத்தாப்பாவையும் சேர்த்து ஆதம்பாவா மீராலெப்பை உதுமாலெப்பை என்று ஒரு முழு வரிக்கு எழுதியிருக்கிறார். நொத்தாரிசுக்குப் பக்கக் கணக்கில் காசு போலும். பெர்மிட்டில் சிங்களம் தெரிந்த உத்தியோகத்தர் லெப்பே ஆக்கினார். கூப்பன் புத்தகத்தில் மீராலெப்பை மட்டும்தான். அரிசி கொடுத்த மனேஜருக்கு மகன் வந்தாலென்ன, வாப்பா வந்தாலென்ன. வாக்காளர் இடாப்பில் எம். எல். உதுமான். அடையாள அட்டையில் மீராசாஹிபு. எங்கிருந்து வந்தார் இந்தச் சாஹிபு என்று யாருக்கும் தெரியாது, மூத்தாப்பாவும் கேட்கவில்லை. படம் அவருடையதாக இருந்தது, அவருக்கு அது போதும். பள்ளிக் கொப்பியில் ‘வட்டவிதானை’. வாய்க்கால் தண்ணீர் பங்கிட்ட காலத்தில் ஒட்டிக்கொண்ட பதவி, மௌத்தாகும்வரை விடவில்லை. சந்தையில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதை மூத்தம்மா உயிரோடிருக்கும்வரை வீட்டில் சொல்ல விட்டதில்லை. அவருடைய கபுறடியில் நட்ட மீசான் கட்டையில் எழுத்தே இல்லை. அந்த ஓரிடத்தில் மட்டும்தான் ஆவணங்களுக்கிடையில் முரண்பாடு இல்லை.

இத்தனை பேரையும் இனி ஆங்கில எழுத்தில் போட்டுப் பாருங்கள். அந்தச் சுட்டிப் புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழ் பேசுகிற ஊர், தமிழில் வழக்குப் பேசுகிற நீதிமன்றம், மையித்தும் தமிழ்தான் பேசியது. உதுமா ‘ஓ’வில் இருப்பாரா, ‘யூ’வில் இருப்பாரா? வாப்பாவின் பெயர் முன்னுக்கு நிற்பதால் ‘எம்’மில் இருப்பாரா? ‘எம்’மைத் திறந்தால் பக்கம் பக்கமாக மீராலெப்பைகள். ‘ஈ’ இரண்டு போட்டவர், ஒன்று போட்டவர், ‘ஈ’க்குப் பதிலாக ‘ஐ’ போட்டவர். லெப்பையில் ‘பி’ போட்டவர், ‘வி’ போட்டவர். இந்தப் பிரதேசத்தில் மௌத்தான ஆண்களில் பாதிப் பேர் என் மூத்தாப்பாதானோ என்று ஒரு கட்டத்தில் எனக்கே ஐயம் வந்தது. துணி பைண்டு போட்ட புத்தகம், மை மண்ணிறமாகிவிட்டது, ஓரமெல்லாம் பூச்சி தின்று சரிகை வேலை செய்த மாதிரி. ஒரு பக்கம் திருப்பினால் இரண்டு பக்கம் உதிர்கிறது. இதை ஒருவர் உட்கார்ந்து கணினியில் அடித்தால் ஒரு மழைக்காலத்துக்குள் முடிந்துவிடும். ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். “1978 சூறாவளியில நிறைய போயிற்று” என்றார்கள். சரி, நவம்பர் 23, மட்டக்களப்பிலிருந்து இந்தப் பக்கம் முழுவதும் கூரை பறந்தது. அப்புறம் 1990 யுத்தம். அதுவும் சரி. அப்புறம் 2004 சுனாமி. அதில் சனம் அலுமாரியோடு உறுதிகளையும் பிள்ளைகளையும் சேர்த்துப் பறிகொடுத்தது, அதை வைத்துப் பகிடி விட எனக்கு நாக்கு வராது. ஆனால் 2011ஆம் ஆண்டுக் கோப்பொன்று காணாமல் போனதற்கும் சுனாமியைச் சொன்னால் எப்படி? கூரை ஒழுகுவதை ஒழுகுகிறது என்று சொல்லுங்கள். கறையானைக் கறையான் என்று சொல்லுங்கள்.

“அங்க நமக்கு ஆள் இரிக்கா?” என்று மச்சான் கத்தாரிலிருந்து கேட்டார். உங்களுக்கும் கேட்டிருக்கும் இந்தக் கேள்வி. ஆள் இருந்தார். மாமியின் மருமகனுடன் படித்தவர். அவர் என்னைக் கதிரையில் இருத்தி, பிளேன்டீ எடுப்பித்து, குடும்பம் முழுவதையும் விசாரித்து, கடைசியில் அன்போடு கேட்டார், “கேஸ் நம்பர் என்ன?”

இடையில் உருப்படியான ஒன்று சொல்லிவிடுகிறேன், வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மரணசாதன வழக்கு அறிவித்தல்களை அரசாங்க வர்த்தமானியில் போட்டார்கள். 1802இல் தொடங்கிய வர்த்தமானி அது. இறந்தவர் பெயர், ஊர், நீதிமன்றம், வழக்கு நம்பர் எல்லாம் அதில் வரும். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய தொகுதிகள் இருக்கின்றன. இன்னொன்று, அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய காலத்தில் நாமெல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். ஆகவே ஆள் மௌத்தான ஆண்டைப் பார்த்துவிட்டு எந்த ஊர் பஸ் ஏறுவது என்று முடிவு செய்யுங்கள். விண்ணப்பம் எழுதும் முறைக்கு இதோ வருகிறேன்.

மூத்தாப்பா அகப்பட்டார். ‘டபிள்யூ’வில் இருந்தார். எந்தக் காலத்து எழுதுவினைஞரோ, வட்டவிதானை என்பதை அவருடைய வாப்பாவின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, வாட்டர் என்கிற சொல்லுக்கு வருகிற எழுத்தைப் போட்டு ஆரம்பித்திருக்கிறார். கொழும்பிலே பிறந்த கனவான் மாதிரி ஓர் எழுத்துக்கூட்டல். பக்கத்திலேயே நம்பர். என்னை அறியாமல் சலாம் சொல்லிவிட்டேன்.

கோப்புக்குள் இருப்பது நல்ல வாசிப்பு என்று கேள்வி. மனு, வாரிசுகளின் பெயர்கள், சத்தியக்கடதாசிகள், பிறகு ஆதனங்களின் பட்டியல். எத்தனை மாடு, எத்தனை தென்னை, யார் யார் கடன்பட்டிருந்தார்கள் என்பதுவரை அதில் வரும் என்று சட்டத்தரணி ஆசை காட்டினார். கடன்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைத் தேடிப் போவதாக மச்சான் இப்போதே திட்டம் போட்டுவிட்டார்.

ஆனால் பிரதி கேட்கிற நான் இறந்தவருக்கு யார்? என் ஆவணங்களில் மூத்தாப்பா உதுமான் லெப்பை. சுட்டிப் புத்தகத்தில் அவர் வட்டவிதானையின் மகன். ஆகவே ஒரு சத்தியக்கடதாசி வேண்டுமாம், மேற்படி பெயர்கள் யாவும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று. எல்லாப் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்தபோது ஒரு பக்கம் போதவில்லை. கொண்டுபோய் ஊர்ச் சமாதான நீதவானிடம் நீட்டினேன். வயதான மனிதர். கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து, ஒவ்வொரு பெயராக இறங்கி வந்தவர் நடுவில் நின்றுவிட்டார்.

“தம்பி, இதுல என்ட பேரும் கிடக்கே. நானும் அவர்தானா?”