ஜெயிச்சுக்கிட்டே இரு, மாப்ளே!

வா மாப்ளே, உட்காரு. மூணு கடையும் கடன்ல ஓடுது, நாலாவதுக்கு நாள் பார்க்கிறியாமே? பலே! உன்னை மாதிரியே ஒரு ராசா இருந்தான். பேரு பிர்ரஸ். கிரேக்கத்துக்கு வடமேற்கே எபிரஸ்னு சீமை. அலெக்சாண்டருக்குச் சொந்தக்காரன் வேற. சும்மா இருப்பானா?

இத்தாலியில தாரன்டம் ஊர்க்காரங்க, ரோமாபுரிக்காரன் தொல்லை தாங்கலைன்னு இவனைக் கூப்பிட்டாங்க. 20,000 காலாள், 20 யானைன்னு கப்பல்ல ஏத்த ஏற்பாடு நடக்குது. கினியாஸ்னு ஒரு மந்திரி, விவரமான ஆளு, மெதுவா ஆரம்பிச்சான்.

“ரோமை ஜெயிச்சா அப்புறம்?”

“சிசிலி.”

“அப்புறம்?”

“கார்த்தேஜ்.”

“அப்புறம்?”

“மாசிடோனியா, கிரேக்கம் முழுக்க.”

“அதுக்கப்புறம், ராசா?”

“குடிச்சு, சிரிச்சுப் பேசி, நிம்மதியா இருக்கலாம்யா.”

“அதை இப்பவே செஞ்சா யாரு வேண்டாங்கிறா?”

ராசாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. கப்பல் நிக்கலையே!

கி.மு. 280ல ஹெராக்ளியா, மறு வருசம் அஸ்குலம். ரெண்டும் ஜெயம்தான். ஆனா கூட வந்த தளபதி, சிநேகிதன்ல பெரும்பாலும் காலி. ரோமாபுரிக்காரன் செத்தவனுக்குப் பதிலா புது ஆளை நிறுத்திக்கிட்டே இருந்தான். இவனுக்கு ஆள் வேணும்னா கடல் தாண்டி வரணும். வாழ்த்த வந்தவன்கிட்ட, இன்னொரு தடவை இப்படி ஜெயிச்சா தொலைஞ்சோம்னானாம். அப்படிச் சொன்னவன் நேரா வீட்டுக்கா போனான்? சிசிலிக்குப் போனான்.

அங்கேயும் ஜெயிச்சான், கூப்பிட்டவங்களையே பகைச்சுக்கிட்டான். ஆறு வருசம் கழிச்சு ஊர் திரும்பும்போது மிச்சம் 8,000 காலாள், 500 குதிரை. சம்பளம் கொடுக்கக் காசில்லை. அதுக்கு என்ன வழி? இன்னொரு சண்டை! உன் கணக்குப்பிள்ளை அந்த வம்சமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அவன் வலது கால் பட்டா மண்ணீரல் நோய் தீரும்னு ஜனங்க நம்பியிருக்காங்க. அவ்வளவு மகிமையுள்ள கால், ஒரு இடத்துல நின்னாத்தானே!

மாசிடோனியாவைப் பிடிச்சான், பாதியில விட்டுட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடினான். அங்கே பொம்பளைங்களும் சேர்ந்து ராத்திரியோட ராத்திரியா அகழி வெட்டித் தடுத்தாங்க. திரும்புற வழியில மகன் செத்தான். அப்பவாவது? ம்ஹூம். 272ல ஆர்கோஸ். குறுகலான தெரு, உள்ளே நெரிசல், வாசல்ல ஒரு யானை விழுந்து வழியடைச்சுக்கிச்சு. ஒருத்தன் ராசாவை ஈட்டியால லேசாக் குத்தினான். ராசா அவன் மேல பாயறான். குத்தினவனோட ஆத்தா, ஏழைக் கிழவி, கூரை மேல நின்னு பார்த்துக்கிட்டிருந்தா. ரெண்டு கையாலயும் ஒரு ஓட்டைப் பிடுங்கிப் போட்டா பாரு, பிடரியில! ரோமாபுரிப் படைகிட்டயே தப்பிச்சவன், பொத்துன்னு விழுந்தான். விழுந்தவன் தலையை எதிரிப் படையில ஒருத்தன் அறுத்துட்டான்.

இதுல ஒரு அநியாயம். அன்னிக்குப் பாகனைத் தேடி அலைஞ்ச இன்னொரு யானை பேரு நிக்கோன்னு எழுதி வச்சவன், கிழவி பேரை விட்டுட்டான். உங்க அத்தைகிட்ட சொன்னேன், அவளுக்கு வந்ததே கோபம்! அன்னையிலிருந்து அவ வடகம் காயப்போட மாடி ஏறினா, நான் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போயிடறேன்.